கார்ட் எஞ்சின் பராமரிப்பு: அனுபவசாலிகள் வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. மகனும் நானும் வார இறுதியில் கோ-கார்ட் (சிறிய பந்தய வண்டி) ஓட்டுகிறோம். எஞ்சின் பழைய ரோட்டாக்ஸ் மேக்ஸ், 125 சிசி டூ ஸ்ட்ரோக். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. எங்களுடையது 38-ஐத் தாண்டிவிட்டது.

போன வாரம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், நுனி காப்பித்தூள் நிறத்தில் இல்லை, சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக மாற்றினேன். சரிதானே? பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அப்புறம், எஞ்சினை வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டு ஸ்டோர் அறையில்தான் வைக்கிறோம். நம்மூர் ஈரப்பதம் தெரியுமே. கார்புரேட்டரை வடித்து, பிளக் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கையால் சுற்றிவைக்கிறேன். அந்த எண்ணெய் அடியில் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங் வரை போய்ச் சேருமா? பிஸ்டன் ரிங் இடைவெளியைப் பொறுமையாக அளந்து காட்டும் மெக்கானிக் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.