பழைய பிரேக் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போன கதை

தாம்பரம்

என் சைக்கிளில் பின்பிரேக் பிடித்தால் தெருநாய்கள் எழுந்து நின்று பார்க்கிற அளவுக்குக் கத்த ஆரம்பித்து மூன்று வாரமாகிவிட்டது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன், போக வர முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஐப்பசி மழையில் ஜி.எஸ்.டி. சாலைச் சேற்றைத் தினமும் குடித்த வண்டி, கத்தாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் சிக்னலில் பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல் முன்னால் நின்ற ஆட்டோவில் போய் முட்டியது. ஆட்டோ அண்ணன் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

முதலில் வண்டி வாங்கிய ஷோரூமுக்குப் போனேன். பார்த்த பையன் குனியக்கூட இல்லை. "சார், செட்டையே மாத்தணும், கட்டை மட்டும் தனியா வராது" என்றான். செட் 1,150, மாட்டக் கூலி 250. கட்டை தேய்ந்ததற்கு ஆர்ம், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் "கம்பெனி அப்படித்தான் சார் அனுப்புது." சரி என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் பஞ்சர் ஒட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காற்று அடிப்பதோடு சரி, கியர் வண்டியெல்லாம் அவருக்குத் தெரியுமா என்று எனக்கு ஒரு எண்ணம். (அந்த எண்ணத்துக்காக இன்றைக்கும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.) அவர் சக்கரத்தைக் கழற்றி, கட்டையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். கறுப்பு ரப்பருக்குள் வெள்ளி வெள்ளியாகப் பொடிகள் மின்னின. "ரிம்மு அலுமினியம் தம்பி. மண்ணும் தண்ணியும் சேந்து அதை அரைக்குது, அந்தத் தூளு வந்து ரப்பர்ல குந்திக்குது. அப்புறம் ரப்பரா பிரேக் புடிக்கும்? இரும்பை இரும்பால தேய்க்கிற மாதிரிதான்." கோணி ஊசியால் ஒவ்வொரு பொடியாக நெம்பி எடுத்து, கட்டையின் முகத்தை உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்தார். முன் பிரேக் கட்டை அத்தோடு புதிது மாதிரி ஆகிவிட்டது. அதற்கு அவர் வாங்கியது இருபது ரூபாய். பின்கட்டையில் குறுக்காக வெட்டியிருக்கும் பள்ளம் மறைந்தே போயிருந்தது. அது மறைந்தால் கட்டை முடிந்தது என்று அர்த்தமாம். நான் அந்தப் பள்ளத்தை இதுவரை டிசைன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் இருந்தவை சாதா கேலிப்பர் பிரேக்குக்கான (டயருக்கு மேலே வளைந்து இடுக்கி மாதிரிக் கவ்வுவது) குட்டைக் கட்டைகள். என்னுடையது வி-பிரேக், சக்கரத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்கும் நீளக் கைகள் ரிம்மைப் பிடிக்கிற வகை. அதன் கட்டை நீளம், ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர், போல்ட்டில் குழிவும் குவிவுமாக வாஷர்கள் கோத்திருக்கும், அவைதான் கட்டையை ரிம்முக்கு நேராகச் சாய்த்து நிறுத்த உதவும். "இத்தை மாட்டி உடலாம், ஆனா நேரா உக்காராது, நாளைக்கு டயரைக் கிழிச்சா என்னைத்தான் திட்டுவே" என்று சொல்லிப் பாரிமுனையில் ரட்டன் பஜாருக்குப் போகச் சொன்னார். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "பழசைக் கையோட எடுத்துக்கினு போ. வாயால சொன்னேன்னா வேற எதுனா குடுத்துருவான்."

சனிக்கிழமை மின்சார ரயிலைப் பிடித்துப் போனேன். அந்தத் தெருவில் கவுண்டரில் நிற்பவர்கள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு முன்னால் நின்றவர் "கியர் சைக்கிளுக்கு பிரேக் வேணும்" என்று ஆரம்பித்து, என்ன சைக்கிள், எந்த பிரேக், எந்தச் சக்கரம் என்று பத்து நிமிடம் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். நான் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த பழைய கட்டையைக் கண்ணாடி மேல் வைத்தேன். ஒரு பார்வை. மூன்று டப்பா வந்தது. சாதா ஜோடி 70, கொஞ்சம் நல்லது 180, ரப்பரை மட்டும் உருவி மாற்றுகிற வகை 320, அதற்கு மாற்று ரப்பர் 120. அடுத்த தடவை ரப்பர் மட்டும் வாங்கினால் போதுமே என்ற பேராசையில் மூன்றாவதை வாங்கினேன். கூடவே பிரேக் ஒயர் ஒன்று 25 ரூபாய்.

ஒயர் வாங்கும்போது கடைக்காரரே ஒன்று சொன்னார். பிரேக் அவுட்டரும் கியர் அவுட்டரும் (ஒயர் உள்ளே ஓடுகிற மேலுறை) வெளியே பார்க்க ஒன்று மாதிரி இருக்கும், பிரேக்குடையது கொஞ்சம் தடிமன், 5 மில்லிமீட்டர், உள்ளே கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கியருடையதில் கம்பிகள் நீளவாக்கில் போகும், பிரேக் இழுக்கிற இழுப்புக்கு அது பக்கவாட்டில் பிளந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறது என்று மாற்றி மாட்டிவிடக் கூடாது.

இனி வருவது என் அறிவு. வீட்டில் நானே மாட்டினேன். இந்த வகைக் கட்டையில் ரப்பர் ஒரு உலோகக் கூட்டுக்குள் சறுக்கி உட்காரும், கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும், திறந்த பக்கம் ஒரு சின்ன ஊசி செருக வேண்டும். நான் ஒரு பக்கம் திறந்த முனையை முன்னால் வைத்து மாட்டினேன், ஊசியையும் செருகவில்லை, அது ஏதோ உபரி என்று பையிலேயே விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை பல்லாவரம் மேம்பாலத்தில் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் சுற்றுகிற திசையிலேயே ரப்பர் வழுக்கி வெளியே பறந்தது. வெறும் உலோகம் ரிம்மில் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பெரியவர் உப்புத்தாள் தேய்த்துக் கொடுத்த முன் பிரேக்தான் நிறுத்தியது. மூடிய முனை எப்போதும் முன்பக்கம், ஊசி கட்டாயம். ரப்பரை மேம்பாலத்தில் தேடவில்லை, 120 ரூபாய் போனால் போகட்டும்.

உங்களுக்கு எப்படி? எங்கே வாங்குகிறீர்கள், என்ன ஆயிற்று, எழுதுங்கள்.

கும்பகோணம்

அண்ணே, நீங்கள் கியர் வண்டி வைத்திருப்பதால் இவ்வளவு பாடு. எங்கள் அப்பாவின் கம்பி பிரேக் (ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுப்பது) வண்டிக்கு இன்றைக்கும் எந்தச் சந்துக்கடையிலும் சாமான் கிடைக்கிறது. ஹெர்குலிஸ், எழுபதுகளில் வாங்கியது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் ஆரம்பித்த காலத்திலிருந்து அந்த 28 இஞ்ச் வண்டியின் அடிப்படை பெரிதாக மாறவேயில்லை, லூதியானாவிலிருந்து வருகிற எந்தக் கட்டையும் பொருந்திவிடும். போன மாதம் நாலு கட்டை 40 ரூபாய்க்கு வாங்கினேன்.

பிரச்சினை வேறு. இதில் கட்டை பக்கவாட்டில் பிடிக்காது, ரிம்மின் உள்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். ரிம் இரும்பு, மேலே குரோம் முலாம். மழையில் நனைந்தால் பிரேக் என்பது ஒரு நம்பிக்கை மட்டும்தான். அப்பா மழை நாளில் பத்தடி முன்னாலேயே லேசாகப் பிடித்துப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டு, அப்புறம் அழுத்திப் பிடிப்பார். நான் கட்டையை மூன்று முறை மாற்றியும் சரியாகவில்லையே என்று புலம்பினால் "கட்டையில என்னடா இருக்கு, ரிம்மைத் தொடச்சியா?" என்பார். துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்து, அப்புறம் சோப்புத் தண்ணீர் போட்டு அலசினேன். பாதி சரியாகிவிட்டது. மீதி பாதிக்குக் கம்பி மூட்டுகளில் இருந்த ஆட்டம் காரணம், அதற்குச் சின்ன போல்ட் நாலு, பன்னிரண்டு ரூபாய்.

குரோம்பேட்டை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பழைய சைக்கிள் சாமான் அங்கே தார்ப்பாயில் குவியலாகக் கிடக்கும். அக்காவின் வண்டிக்குப் பிரேக் லிவர் உடைந்துவிட்டது. சந்தையில் பளபளவென்று ஒரு ஜோடி லிவர், பேரம் பேசி 100 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். பிடித்தால் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஆஹா என்ன பிரேக் என்று நினைத்தேன். அக்கா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து "கெட்டியா இருக்குடா, வண்டிதான் நிக்கல" என்றாள்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அது வி-பிரேக் லிவர், அக்காவுடையது கேலிப்பர். வி-பிரேக் லிவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒயரை இழுக்கும், ஆனால் இழுக்கிற பலம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். மாறாக, கேலிப்பர் லிவரை வி-பிரேக்குக்கு மாட்டினால் லிவர் கைப்பிடி வரை வந்து மடங்கும். சந்தைக்காரர் மேல் குற்றமில்லை, எதற்கு என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. லிவர் இப்போது என் வண்டியில் ஒழுங்காக வேலை செய்கிறது.

யாழ்ப்பாணம்

எங்கட ஊரில் 2022-இல் பெட்ரோல் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நின்றபோது வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள் எல்லாம் றோட்டுக்கு வந்தது. விலையோ சொல்ல வேண்டாம், இறக்குமதித் தடை வேறு. என்னுடையது பழைய லுமாலா. கடையில் பிரேக் கட்டை கேட்டால் "வந்தால் சொல்லுறன் தம்பி" என்பதுதான் பதில், இரண்டு மாதமும் அதே பதில். கடைசியில் அப்பப்பாவின் வேலைதான் கைகொடுத்தது: பழைய மோட்டார் சைக்கிள் டயரில் ஒரு துண்டு வெட்டி, கத்தியால் செதுக்கி, தேய்ந்த கட்டையின் இரும்புக் கூட்டுக்குள் இறுக்கிவிட்டார். சண்டைக் காலத்தில் இதைத்தான் செய்ததாம். பிடித்தது, ஆனால் ரிம்மில் கறுப்புக் கோடு விழுந்தது, நல்ல வேகத்தில் நான் அதை நம்பமாட்டேன். சாமான் வரத் தொடங்கியதும் முதல் வேலையாக இரண்டு சோடி வாங்கி ஒன்றை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு இதென்ன நகையா என்று கேட்டவ.

கோவை

டிஸ்க் பிரேக்காரர்களுக்காக ஒன்று. எனக்கும் "முழு கேலிப்பரும் மாத்தணுங்க" என்றுதான் ஒரு கடையில் சொன்னார்கள், 2,400 ரூபாய். கேலிப்பர் என்றால் இங்கே டிஸ்க்கைக் கவ்வுகிற பாகம், அதற்குள் கட்டை மாதிரி உட்காருவது பேட். பேடைக் கழற்றி, அதன் தகட்டு வடிவத்தை ஆன்லைன் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சைக்கிள் சாமான் செய்கிற ஷிமானோ கம்பெனியின் பி01எஸ் வடிவமேதான். அந்த ஒரு வடிவம் பல கேலிப்பர்களுக்குப் பொருந்துகிறது. முதலில் பேர் தெரியாத ஜோடி 150 ரூபாய்க்கு வாங்கினேன். மருதமலை அடிவாரம் வரை போய்வந்த இரண்டாம் மாதம் ஒன்றில் உராய்வுப் பகுதி தகட்டிலிருந்து அப்படியே பெயர்ந்து கையோடு வந்தது. அதற்குப் பிறகு நல்லதாக 600 கொடுத்து வாங்குகிறேன். ரிம் பிரேக்குக் கட்டையில் மிச்சம் பிடியுங்கள், டிஸ்க் பேடில் வேண்டாங்க.

இன்னொன்று, சங்கிலிக்கு ஸ்பிரே எண்ணெய் அடிக்கும்போது டிஸ்க்கில் பட்டுவிட்டால் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும். டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம், பேடைப் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். நான் அப்படி ஒரு புது ஜோடியை வாங்கிய மறுநாளே நாசம் செய்திருக்கிறேன். இப்போது எண்ணெய் போடும்போது டிஸ்க்குக்குப் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டிவிடுகிறேன்.

தாம்பரம்

கும்பகோணத்து நண்பரே, ரிம்மைத் துடைத்துப் பார்த்தேன். துணி கரிச்சட்டி மாதிரி ஆகிவிட்டது, கத்தல் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்கு வேப்பமரத்தடிப் பெரியவர் ஒரு வழி செய்தார்: கட்டையை இறுக்கும்போது அதன் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து வைத்து, பிரேக்கைப் பிடித்தபடியே போல்ட்டை முடுக்கி, டிக்கெட்டை உருவிவிட்டார். கட்டையின் முன்முனை ஒரு மயிரிழை முன்னதாகப் போய்ப் படுகிறது. இப்போது சத்தமே இல்லை, நாய்கள் தூங்குகின்றன.

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னதைப் படித்ததும் நானும் ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வந்தேன், இந்த முறை 70 ரூபாய்ச் சாதா ஜோடி. ஊசி தொலையும் என்ற பயம் அதில் இல்லை.