பழைய கோர் 2 டுவோ கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ்: விலையும் கட்டுப்படியாகணும், கரன்ட்டும் குறையணும்

பத்திரிகைக்காரன், கோவில்பட்டி

வணக்கம். வீட்டு முன்னறையில் டிடிபி வேலை (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைப்பது) பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. கம்ப்யூட்டர் 2009-ல் அசெம்பிள் செய்தது. கோர் 2 டுவோ இ7400, ஜி31 மதர்போர்டு, 2 ஜிபி ராம், ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு டிவிடி டிரைவ். கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

"புதுசு வாங்கிவிடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். என் தமிழ் ஃபான்ட் மென்பொருளுக்கு ஒரு டாங்கிள் உண்டு, மென்பொருளைத் திறக்கும் சாவி மாதிரி. பழைய பிரின்டர் போர்ட்டில் செருகுவது. விண்டோஸ் எக்ஸ்பியை விட்டால் வேறெதிலும் ஓடாது. பதினைந்து வருஷத்துப் பத்திரிகை மாதிரிகள் அத்தனையும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் அந்த ஃபான்ட்டில்தான் கிடக்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை புரூஃப் எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் டப்பென்று ஒரு சத்தம். அப்புறம் கருவாடு கருகின மாதிரி ஒரு வாடை. எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரன்ட் பிரித்துத் தரும் பெட்டி, காலி. நாலு வருஷத்தில் இது மூன்றாவது. எல்லாம் 600 ரூபாய்ச் சரக்கு, "450 வாட்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஏழு பத்திரிகை கையில் இருக்கிறது, ஒரு வாரத்துக்கு ஒரு நண்பர் பழையது ஒன்றை இரவல் கொடுத்திருக்கிறார்.

எத்தனை வாட் வாங்கணும்? கோல்டு முத்திரை (கரன்ட்டை அதிகம் வீணாக்காது என்பதற்கு) போட்டது வாங்கினால் கரன்ட் பில் குறையும் என்கிறார்கள், நிஜமா? தினம் பத்து மணி நேரம் ஓடும். யுபிஎஸ் 600 விஏ.

ஈயப்பற்று

அண்ணாச்சி, செத்துப்போனதைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதன் லேபிளைப் பாருங்கள். மேலே எழுதின 450-ஐ விட்டுவிடுங்கள். +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது?

பத்திரிகைக்காரன், கோவில்பட்டி

14ஏ என்று இருக்கிறது.

ஈயப்பற்று

12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட். உங்கள் சிபியூ, ஹார்ட் டிஸ்க் மோட்டார், ஃபேன் எல்லாம் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். மிச்ச வாட்டெல்லாம் 5, 3.3 வோல்ட் லைன்களில் காட்டின கணக்கு. அந்த 14 ஆம்பியரையாவது தருமா என்றால் அதுவும் சந்தேகம்தான். மதுரையில் இருபது வருஷமாக சர்வீஸ் செய்கிறேன், இந்த மாதிரிப் பெட்டிகளைக் கையில் தூக்கினாலே தெரிந்துவிடும், கிலுகிலுப்பை மாதிரி இருக்கும். உள்ளே ஃபில்டர் காயில் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டு வயரைப் போட்டு ஈயம் வைத்திருப்பார்கள். ஆனால் நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் போகாது.

பெயருள்ள கம்பெனியில் 80 பிளஸ் ப்ரான்ஸ் முத்திரை (கோல்டுக்குக் கீழ்ப்படி) உள்ள 400 அல்லது 450 வாட், 12 வோல்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் இருப்பதாகப் பாருங்கள். கோர்செர் சிவி450, கூலர் மாஸ்டர் எம்டபிள்யூஇ 450, டீப்கூல் பிகே450டி, இதில் எது கிடைத்தாலும் சரி. உங்களுக்கு இதுவே அதிகம்தான், ஆனால் அதற்குக் கீழே நம்பிக்கையான சரக்கு கடையில் சுலபமாகக் கிடைக்காது.

மாட்டும்போது இரண்டு விஷயம். சிபியூ பின் எட்டாக வரும், அது நாலு நாலாகப் பிரியும், உங்கள் போர்டுக்கு ஒரு பாதி போதும். 24 பின் கனெக்டரில் ஒரு குழி காலியாக இருக்கும், வயர் விட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அது பழைய மைனஸ் 5 வோல்ட்டுக்கான இடம், இப்போது யாரும் தருவதில்லை. அப்படியே சிபியூவைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலையையும் பாருங்கள். உப்பியிருந்தால் புது எஸ்எம்பிஎஸ் போட்டும் பயனில்லை, முதலில் அவற்றை மாற்றணும்.

வாட்டுக்கணக்கு

கோல்டு பற்றி நான் சொல்கிறேன். என்னிடம் இதே மாதிரி ஒரு மிஷின் இருந்தது, பிளக்கில் செருகும் வாட் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். டைப் செய்யும்போது போர்டுக்குத் தேவை 55 வாட் என்று வையுங்கள். மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸில், இழுக்கும் கரன்ட்டில் 68 சதவீதம்தான் தேறும் என்றால் சுவரிலிருந்து 81 வாட் இழுக்கும். ப்ரான்ஸ் 80 சதவீதம் என்றால் 69. வித்தியாசம் 12 வாட். இரண்டு மாதத்துக்கு 600 மணி நேரம், ஏழு யூனிட் சொச்சம். யூனிட் 10 ரூபாய் என்றே போட்டாலும் 72 ரூபாய்.

கோல்டு அதற்கு மேல் மிச்சம் பிடிப்பது மூன்று நாலு வாட். பில்லுக்கு இருபது ரூபாய். கூடுதலாகக் கொடுக்கும் 2500 ரூபாய் திரும்ப இருபது வருஷம் ஆகும், டாங்கிள் அதுவரை தாங்குமா? தவிர ப்ரான்ஸுக்கும் கோல்டுக்கும் 80 பிளஸ் சோதனை, முழுத் திறனில் 20 சதவீத லோடில்தான் தொடங்குகிறது. 450 வாட்டில் அது 90 வாட். உங்கள் மிஷின் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் ஓடும், அங்கே முத்திரை எந்த உத்தரவாதமும் தராது. இதனால்தான் 650, 750 என்று பெரிதாக வாங்காதீர்கள் என்கிறேன்.

ஒன்று கேட்கணும். மானிட்டர் என்ன?

பத்திரிகைக்காரன், கோவில்பட்டி

17 அங்குலப் பெட்டி மானிட்டர்தான். கலர் நன்றாகத் தெரியும் என்று வைத்திருக்கிறேன்.

வாட்டுக்கணக்கு

திருடன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் ஐயா! அது 70 வாட் இழுக்கும், எல்இடி 20 வாட். அதே 600 மணி நேரத்துக்கு 30 யூனிட். பில் குறையணும் என்றால் பழைய எல்இடி ஒன்று வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் பிழைப்பதற்காக வாங்குங்கள்.

பத்திரிகைக்காரன், கோவில்பட்டி

ப்ரான்ஸ் 450 வாங்கி மாட்டிவிட்டேன், 2,700 ரூபாய். கெப்பாசிட்டர் எதுவும் உப்பவில்லை. ஃபேன் சத்தமே இல்லாததால் ஓடவில்லை என்று நினைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆனால் இப்போது கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. பழையதில் இப்படி இல்லையே?

ஈயப்பற்று

அது எஸ்எம்பிஎஸ் குற்றமில்லை அண்ணாச்சி. நல்லதில் ஃபில்டர் இருக்கும், அதிலுள்ள சின்ன கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்து கொஞ்சம் கசிவை எர்த்துக்கு அனுப்பும். உங்கள் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை, அதனால் கேபினெட்டிலேயே நிற்கிறது. பழையதில் ஃபில்டரே இல்லாததால் சுருக்கும் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். யுபிஎஸ்ஸையும் சோதியுங்கள். புதிதில் ஆக்டிவ் பிஎஃப்சி (லைனிலிருந்து கரன்ட்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) இருந்தால், மலிவு யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில் சில சமயம் ஆஃப் ஆகிவிடும். ஃபைலை எல்லாம் சேவ் செய்துவிட்டு மெயினை அணைத்துப் பாருங்கள்.

பத்திரிகைக்காரன், கோவில்பட்டி

ஐந்து தடவை அணைத்துப் பார்த்தேன், ஆஃப் ஆகவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்ததில், எர்த் வயர் மீட்டர் பலகை வரைக்கும் வந்து அங்கேயே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, குழிக்குப் போகவே இல்லை. நாளைக்குக் குழி தோண்ட ஆள் வருகிறது. ஏழில் ஐந்து பத்திரிகை பிரஸ்ஸுக்குப் போயாச்சு.