ரஷ்ஷின் 'மூவிங் பிக்சர்ஸ்': வாசிக்கப் போனால் எங்கே இடறுகிறது?

தொடங்கியவர்
கனடா ராக் குழு ரஷ் 1981 பிப்ரவரி 12-ல் வெளியிட்ட ஆல்பம். மொத்தம் ஏழே பாட்டு, 40 நிமிடம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மோரின் ஹைட்ஸ் ஊரின் லே ஸ்டூடியோவில் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் பதிவானது. கெடி லீ (பேஸ் கிட்டார், பாட்டு), அலெக்ஸ் லைஃப்சன் (கிட்டார்), நீல் பியர்ட் (டிரம்ஸ்) என மூன்றே பேர். கூட இருந்து தயாரித்தவர் டெர்ரி பிரவுன். தாளக் கணக்கு தெரியாதவர் கேட்டாலும் தலையாட்டுவார், தெரிந்தவர் வாசிக்க உட்கார்ந்தால் வியர்ப்பார். இத்தனை வருடம் இது நிற்பதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி. வாசித்துப் பார்த்தவர்களும் எல்பி இசைத்தட்டில் கேட்டவர்களும் கையில் பட்டதை எழுதுங்கள். "தலைசிறந்த ஆல்பம்" வகையறாப் பாராட்டு வேண்டாம்.

பேஸ் பக்கத்திலிருந்து
'ஒய்-ஒய்-ஸெட்' பாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். அது டொரண்டோ விமான நிலையத்தின் குறியீடு. அந்த மூன்று எழுத்தின் மோர்ஸ் தந்தி ஒலிதான் தொடக்கத் தாளம். நீளக் கோட்டுக்கு 2, புள்ளிக்கு 1 என்று வையுங்கள். ஒய் என்பது 2+1+2+2, ஆக 7. இன்னொரு ஒய், இன்னொரு 7. ஸெட் 2+2+1+1, ஆக 6. கூட்டினால் 20. மேற்கத்தியக் கணக்கில், நான்குக்கு ஒன்று வீதம், ஐந்து அடி.

நம் சொல்லில் வைத்தால் இன்னும் சுலபம்: தகிட தகதிமி, தகிட தகதிமி, தகதிமி தக. வாயில் இதை ஓட விட்டுக்கொண்டே கையால் இரண்டு எண்ணத்துக்கு ஒரு தட்டு வீதம் பத்துத் தட்டு போடுங்கள். முதல் ஒய் தட்டில் விழும். ஏழு ஒற்றைப்படை என்பதால் இரண்டாவது ஒய் இரண்டு தட்டுக்கு நடுவில் விழும். ஸெட் மறுபடி தட்டுக்கே வந்துவிடும். பாதிப் பேர் சறுக்குவது அந்த இரண்டாவது ஒய்யில்தான். தட்டை விட்டுவிட்டு மெட்டை மட்டும் காதால் பிடித்தவர்கள் அங்கே தெரியாமலே தட்டை அரை இடம் நகர்த்திவிடுவார்கள், டிரம்ஸ் சேரும்போதுதான் குட்டு வெளிப்படும். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியைப் பாதி வேகத்தில் வைத்து, வாய்ச்சொல் நிலைத்த பிறகே பேஸைத் தொடுங்கள்.

சுரம் இரண்டே: சி, எஃப் ஷார்ப். சட்ஜமமும் பிரதி மத்யமமும் போல. அந்த நெருடல் அங்கிருந்து வருகிறது.

டிரம்ஸ் வாசிப்பவர்
மேலே சொன்னதில் ஒரு சேர்ப்பு. தந்தித் தாளத்தை முதலில் தனியாக அடிப்பது குரோட்டல்ஸ் என்ற சின்ன வெண்கலத் தட்டுகள். சிம்பலில் அடித்தால் நாதம் ஒன்றோடொன்று வழிந்து புள்ளிக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

எல்லாரும் கேட்கிற 'டாம் சாயர்' பற்றி: ஹை-ஹேட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) முழுக்க ஒரே கை. வேகம் நிமிடத்துக்கு 88 அடி அளவு, அடிக்கு நான்கு வீதம், நொடிக்கு ஏறக்குறைய ஆறு தட்டு. இரண்டு கையால் மாற்றி மாற்றி அடித்தால் கை வலிக்காதுதான். ஆனால் ஸ்நேர் டிரம்முக்குக் கை போகும்போது ஹை-ஹேட்டில் ஓட்டை விழும், ஓட்டமும் தட்டையாகிவிடும். ஒரு நிமிடத்தில் முன்கை இறுகினால் குச்சியைப் பிடிப்பதில் கோளாறு. தோளைத் தளர்த்தி, குச்சி தானாகத் துள்ளுவதை விரலால் வாங்குங்கள். 70-ல் தொடங்கி, மூன்று நிமிடம் வலியில்லாமல் ஓடினால் மட்டும் 4 கூட்டுங்கள்.

நடுவில் சிந்தசைசர் நுழையும்போது தாளம் ஏழுக்கு மாறும். கிட்டார் தனி வாசிப்பும் அந்த ஏழின் மேல்தான்.

கிட்டார்
'லைம்லைட்' முதல் ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் மெட்டுத் துண்டு) ஏழுதான், 4+3. கேட்பவருக்கு உறைக்காது.
தனி வாசிப்புக்கு ட்ரெமோலோ கம்பி (தந்திகள் பதியும் பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பிடி) கட்டாயம். பிடித்து இழுத்த பிறகு சுருதி இறங்கினால் உடனே பிரிட்ஜைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் கழுத்து முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் தந்தி சிக்கியிருக்கும். பென்சில் கரியை அந்தப் பள்ளத்தில் தேய்த்தால் போதும். புதுத் தந்தியைக் கையால் நன்றாக இழுத்துவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள்.
'ரெட் பார்கெட்டா' தொடக்கத்தின் ஹார்மோனிக்ஸுக்கு (தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் மணி போன்ற ஒலி) விரல் கழுத்திலுள்ள ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே தொட வேண்டும். வழக்கம்போல் கம்பிக்குப் பின்னால் வைத்தால் 'டொக்' என்று செத்த ஒலிதான்.

எல்பி கேட்பவர்
முதல் பக்கம் நான்கு பாட்டு, 19 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டாம் பக்கம் 20-ஐத் தாண்டும். அதில் 11 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் 'தி கேமரா ஐ' வெளி விளிம்பில் உட்கார்ந்திருப்பது அதிர்ஷ்டம். தட்டின் வெளி வரியில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும், பக்கத்தின் கடைசியில் அதில் பாதிதான்; வேகம் குறைந்தால் தெளிவும் குறையும். அந்தக் கடைசி இடத்தில் இருப்பவை 'லைம்லைட்', 'வைட்டல் சைன்ஸ்'. அங்கே சிம்பல் மணல் அரைப்பது போலக் கேட்டால் தட்டு தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஊசி பொருத்திய கார்ட்ரிஜின் கோணத்தைப் பாருங்கள், பிறகு ஊசி தட்டை அழுத்தும் பளுவை. 2 கிராம் என்று குறித்த ஊசியை, தட்டுக்கு நல்லது என்று எண்ணி 1.5-ல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். லேசான ஊசி வரியில் நிற்காமல் துள்ளும், தட்டுக்கு அதுதான் அதிகக் கேடு.

உறையையும் பெரிய அளவில்தான் பார்க்க வேண்டும். டொரண்டோவின் குவீன்ஸ் பார்க் சட்டமன்றக் கட்டடத்தின் வாசல். ஆட்கள் படங்களைத் தூக்கி நகர்த்துகிறார்கள்; பார்த்து நெகிழ்ந்து அழுகிறவர்கள் ஒரு பக்கம்; பின்னட்டையைத் திருப்பினால் அதையே சினிமாவாக எடுக்கிற குழு. தலைப்பில் மூன்று சிலேடை. காளமேகம் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

தொடங்கியவர்
நன்றி. 'விட்ச் ஹன்ட்' பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே? தொடக்கத்துக் கும்பல் இரைச்சலை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அது ஸ்டூடியோவுக்கு வெளியே, குளிரில் நின்று கத்திப் பதிந்தது.

பேஸ் பக்கத்திலிருந்து
அதை அடுத்து எழுதுகிறேன். இப்போதைக்கு ஒரு திருத்தம்: கிட்டார்க்காரர் எழுதிய 'பார்கெட்டா' இத்தாலிய உச்சரிப்பு, அதுவே சரி. ஆனால் கெடி லீ பாடுவது 'பார்செட்டா'. சேர்ந்து பாடுவதென்றால் தப்பாகத்தான் பாட வேண்டும்.