பிலிப்பைன்ஸ்காரர்கள் வங்கியை விட்டுவிட்டு ஏன் அடகுக் கடைக்குப் பணம் அனுப்புகிறார்கள்?

சத்வா நெல்லைக்காரன்:
துபாய் சத்வாவில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் ஆட்கள் சம்பளம் விழுந்த அன்றைக்கே பணம் மாற்றி ஊருக்கு அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கடையில் வரிசை கட்டி நிற்கிறார்கள். நாமெல்லாம் ஊரில் இருக்கும் கணக்கில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம், இவர்கள் அனுப்புவது செபுவானா, பலவான், எம்.எல். என்று ஏதாவது ஒரு அடகுக் கடைக்கு. அங்கே அம்மாவோ தங்கச்சியோ போய் ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார்கள். 2024இல் மட்டும் அந்த நாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து 3,400 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் வங்கி மேல் அப்படி என்ன கோபம்?

செபு ரிட்டர்ன்:
கோபமெல்லாம் இல்லை பாஸ். நான் பிலிப்பைன்ஸில் செபு நகரத்துக் கால் சென்டரில் இருந்தவன். 7,641 தீவு உள்ள நாடு, எத்தனையோ சிற்றூர்களில் வங்கிக் கிளையே கிடையாது. கிளை உள்ள ஊரிலும் பெரும்பாலும் ஒன்பது மணிக்குத் திறந்து மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். அடகுக் கடை சந்தை வாசலிலேயே இருக்கும், நிறைய இடத்தில் ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி. உள்ளே போனால் போனில் வந்த ரெஃபரன்ஸ் நம்பரைக் காட்டி, ஒரு அடையாள அட்டை கொடுத்து, கையெழுத்துப் போட்டால் பணம் கைக்கு வந்துவிடும். அதே கவுன்ட்டரிலேயே போன மாதம் வைத்த மோதிரத்துக்கு வட்டியையும் கட்டிவிட்டுப் போவார்கள், அந்தக் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய சௌகரியம் என்று எனக்குத் தோன்றும்.

வங்கியில் குறைந்தபட்ச இருப்பு கேட்பார்கள், அதற்குக் கீழே போனால் அபராதம். வருகிற பணம் மொத்தமும் அரிசிக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் அன்றைக்கே போய்விடுகிற வீட்டில் இரண்டாயிரம் மூவாயிரம் பெசோவை (அந்த ஊர்ப் பணம்) சும்மா உள்ளே படுக்கவைக்க யாருக்கு மனசு வரும்? 2017இல் உலக வங்கி எடுத்த கணக்குப்படி அங்கே பெரியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் கணக்கே இருந்தது. 2018இல் குறைந்தபட்ச இருப்பே வேண்டாத, 100 பெசோவுக்குள் தொடங்கக்கூடிய கணக்கை மத்திய வங்கி கொண்டுவந்தது, அதற்கப்புறம் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது.

தேரா கவுன்ட்டர்:
அனுப்புகிறவர் பக்கத்தையும் பாருங்கள் அண்ணே. எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன். இங்கே துபாயில் பல வங்கிகளில் 3,000 திர்ஹாம் இருப்பு வைக்கச் சொல்வார்கள், சம்பளமே அவ்வளவு இல்லாதவர் என்ன செய்வார்? சம்பளத்தைக் கையில் தராமல் வங்கி அல்லது எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் போட வேண்டும் என்ற சம்பளப் பாதுகாப்பு முறை 2009இல் வந்த பிறகு நிறையக் கம்பெனிகள் எக்ஸ்சேஞ்ச் கார்டில்தான் சம்பளம் போடுகின்றன. ஆக, பணம் எடுக்க எங்களிடம்தான் வருகிறார்கள், அப்படியே அனுப்பியும் விடுகிறார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் பலர் புருஷன் கணக்கில் போட விரும்புவதில்லை. ரொக்கமாக அனுப்பினால் இந்த மாதம் அம்மா பெயர், அடுத்த மாதம் அக்கா பெயர் என்று அவர்களே முடிவு செய்யலாம். கல்யாணத்துக்கு முந்தைய பெயர், பிந்தைய பெயர் குழப்பத்தில் பணம் நின்றுபோவதும் உண்டு, ஆனால் ரசீதோடு வந்தால் இங்கேயே பெயரைத் திருத்திக் கொடுத்துவிடுவோம். வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் அந்தப் பணம் திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று அனுபவப்பட்டவரைக் கேளுங்கள்.

பழைய பேங்க்காரன்:
எல்லாம் சரி, ஆனால் 'கமிஷன் இல்லை' என்ற போர்டை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு பேச்சுக்கு, திர்ஹாமுக்கு 15.60 பெசோ போகும்போது கடைக்காரர் 15.40 கொடுத்தால் ஆயிரம் திர்ஹாமுக்கு 200 பெசோ போச்சு. ரேட்டில்தான் எடுப்பார்கள். அதற்காக வங்கி மலிவு என்றும் சொல்ல மாட்டேன். 200 டாலர் மாதிரிச் சின்னத் தொகைக்கு வங்கி வழிதான் ரொம்பச் செலவு என்று உலக வங்கியின் கட்டண ஒப்பீட்டிலேயே வருகிறது. நடுவில் இருக்கும் வங்கி வேறு ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளும், அது அனுப்பும்போது தெரியாது. இன்னொன்று, நெல்லைக்காரர் சொன்ன 3,400 கோடியே வங்கிகள் வழியாக வந்ததாகப் பதிவான தொகைதான். கடைசியில் கொடுக்கிற கைதான் அடகுக் கடை, பின்னால் நாடு விட்டு நாடு பணம் நகர்வது வங்கியில்தான்.

சத்வா நெல்லைக்காரன்:
ஓ, அப்படியா. நம் ஊரில் வெஸ்டர்ன் யூனியனில் வந்தால் 50,000 ரூபாய் வரைதான் ரொக்கம், மிச்சம் கணக்குக்கோ செக்காகவோ என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சரி, இப்போது பிலிப்பைன்ஸில் பசங்களெல்லாம் போனில் பணம் வைத்துக்கொள்ளும் ஜிகேஷ் ஆப் வைத்திருக்கிறார்களே, நேராக போனுக்கே அனுப்பலாமே?

செபு ரிட்டர்ன்:
அனுப்புகிறார்கள், வருஷா வருஷம் கூடிக்கொண்டும் போகிறது. ஆனால் சந்தையில் மீன் விற்கிற அம்மாவிடம் க்யூஆர் இல்லாவிட்டால் ரொக்கம்தானே வேண்டும்? ஜிகேஷில் வந்ததை ரொக்கமாக்கவும் நிறையப் பேர் அடகுக் கடைக்குத்தான் போகிறார்கள், அதற்கு ஒரு கட்டணம் தனி.