பஸ் மோட்டார்ஹோம்: இண்டக்‌ஷன் அடுப்பு போட்டால் 3000 விஏ இன்வெர்ட்டர் 'லோ பேட்டரி' காட்டி கட் ஆகிறது

சக்கரவீடு:
வணக்கம். பஸ்ஸை வீடாக மாற்றும் வேலையில் கரண்ட் விஷயத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது. அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுப் பக்கத்துக்கு 12 வோல்ட் 150 ஏஹெச் டியூபுலர் (லெட்-ஆசிட்) பேட்டரி இரண்டு, சீரியஸில் 24 வோல்ட். இவை பின் டிக்கியில் இருக்கின்றன. பியூர் சைன் வேவ் 3000 விஏ இன்வெர்ட்டர் சமையல் கேபினட்டுக்குள். பாசிட்டிவுக்கு 25 சதுர மி.மீ. காப்பர் கேபிள் 5 மீட்டர். நெகட்டிவுக்குத் தனிக் கேபிள் இழுக்கவில்லை. பேட்டரி பக்கமும் இன்வெர்ட்டர் பக்கமும் சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) போல்ட் போட்டிருக்கிறது.

லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடுகின்றன. இண்டக்‌ஷனை 1800 வாட்டில் வைத்தால் அரை நிமிஷத்தில் அலாரம், அப்புறம் கட். பேட்டரி முழு சார்ஜில் 25.2 வோல்ட் காட்டுகிறது. 5 கேவிஏவுக்கு மாற வேண்டுமா? பிறகு 1 டன் ஏசியும் வைக்க ஆசை. 230 வோல்ட் பக்கம் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறது, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ட்ரிப் ஆகிறது. அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன்.

மில்லிஓம்:
5 கேவிஏ வாங்கிவிடாதீர்கள். ஓவர்லோடு என்றால் ஓவர்லோடு என்றே காட்டியிருக்கும். இது லோ பேட்டரி, அதாவது இன்வெர்ட்டரின் வாசலுக்கு வோல்ட்டேஜ் வந்து சேரவில்லை. சும்மா இருக்கும்போது எடுத்த 25.2 எதையும் சொல்லாது. லோடு ஓடும்போது நான்கு அளவு வேண்டும். ஒருவர் அடுப்பை ஆன் செய்யட்டும், இன்னொருவர் மீட்டரைப் பிடிக்கட்டும்.

1. பேட்டரி பேங்கின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே. புரோப் லக் (கேபிள் முனையில் அழுத்திய உலோக வளையம்) மேல் படக் கூடாது, ஈயத் தூண் மேலேயே வைக்க வேண்டும்.
2. இன்வெர்ட்டர் டெர்மினல் இரண்டுக்கும் இடையே.
3. பேட்டரி பாசிட்டிவிலிருந்து இன்வெர்ட்டர் பாசிட்டிவுக்கு.
4. பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்வெர்ட்டர் நெகட்டிவுக்கு.

மூன்றும் நான்கும் கூட்டினால், ஒன்றிலிருந்து இரண்டைக் கழித்தது வர வேண்டும். வரவில்லையென்றால் புரோப் சரியான இடத்தில் இல்லை.

ஹைவே_பஸ்:
எதற்கு இவ்வளவு? கட்-ஆஃப் செட்டிங் (எந்த வோல்ட்டேஜுக்குக் கீழே போனால் இன்வெர்ட்டர் நிற்கும் என்பது) 21 வோல்ட்டில் இருக்கும். 20க்கு இறக்கிவிட்டால் ஓடிவிடும்.

மில்லிஓம்:
ஓடும், கேபிளும் சேர்ந்து வேகும். அடுப்பு கேட்பது வாட். வோல்ட்டேஜ் இறங்க இறங்க இன்வெர்ட்டர் அதிக ஆம்ப் இழுத்துதான் அந்த வாட்டைக் கொடுக்கும். கெட்ட ஜாயின்ட் எங்கேயாவது இருந்தால் அங்கே சூடு ஆம்ப்பின் வர்க்கத்தில் ஏறும். அந்தக் கட்-ஆஃப்தான் இப்போது வண்டியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அதில் கை வைக்காதீர்கள்.

சக்கரவீடு:
அளந்தாயிற்று அண்ணா. பேட்டரியில் 22.9, இன்வெர்ட்டரில் 21.2. பாசிட்டிவ் பக்கம் 0.6, நெகட்டிவ் பக்கம் 1.1. கணக்கு ஒத்து வருகிறது.

மில்லிஓம்:
அருமை. இனி ஊகம் தேவையில்லை.

1800 வாட்டை இன்வெர்ட்டர் திறன் 0.88ஆலும் 21.2 வோல்ட்டாலும் வகுத்தால் 96 ஆம்ப். 25 சதுர மி.மீ. காப்பர் மீட்டருக்குச் சுமார் 0.75 மில்லி ஓம். 5 மீட்டருக்கு 96 ஆம்ப்பில் 0.36 வோல்ட் போகும். பாசிட்டிவ் பக்கத்தில் மிச்சம் 0.24 வோல்ட் ஃபியூஸ், ஸ்விட்ச், லக் இவற்றில் போகிறது. கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் புரிகிறது.

நெகட்டிவில் 1.1 வோல்ட் போவதுதான் வில்லங்கம். 1.1 பெருக்கல் 96, நூறு வாட்டுக்கு மேல். அது முழுவதும் சேஸிஸ் போல்ட்டின் கீழே சூடாகிறது. அந்த லக்கைக் கழற்றிப் பாருங்கள். அடியில் பெயிண்ட் அல்லது துரு இருக்கும். கரண்ட் போல்ட்டின் மரை வழியாக மட்டும் போயிருக்கும், லக்கின் முகம் உலோகத்தைத் தொட்டே இருக்காது.

சுரண்டிவிட்டு மறுபடி முடுக்கினால் இன்றைக்குச் சரியாகும், துரு பிடித்ததும் பழைய கதைதான். இவ்வளவு ஆம்ப்புக்கு சேஸிஸைத் திரும்பு வழியாக வைக்கவே வேண்டாம். பாசிட்டிவ் எந்தத் தடிமனோ அதே தடிமனில் நெகட்டிவையும் பேட்டரியிலிருந்து நேராக இழுங்கள். சேஸிஸுக்கு பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரே இடத்தில் ஒரு இணைப்பு போதும், அங்கே பெயிண்ட்டை வெள்ளை உலோகம் தெரியும்வரை எடுத்துவிட்டு, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

அதைவிட முக்கியம், 5 மீட்டர் தூரம் எதற்கு? டிசி கேபிள் குட்டையாக இருக்கட்டும், 230 வோல்ட் கேபிள் நீளமாகப் போகட்டும். இன்வெர்ட்டரை பேட்டரிக்கு ஒன்றரை மீட்டருக்குள் கொண்டுவந்து 70 சதுர மி.மீ. போட்டால், போய்த் திரும்பும் 3 மீட்டரிலும் இழப்பு 0.1 வோல்ட்டைத் தொடாது. ஆனால் டியூபுலர் இருக்கும் அதே பெட்டிக்குள் வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், ஆசிட் ஆவி போர்டைத் தின்னும். இடையில் அடைப்பான தடுப்பு வேண்டும், பேட்டரி பெட்டியின் உச்சியிலிருந்து வெளியே காற்றுக் குழாய் வேண்டும்.

லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலில் சரியான டையால் அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். கேபிள் வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெளியே வெள்ளையாக இருந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் வெள்ளீயம் பூசிய காப்பர், வெளியே சிவப்பாக இருந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் காப்பர் முலாம் பூசிய அலுமினியம். இரண்டாவதாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சக்கரவீடு:
ஃபியூஸ் எவ்வளவு? இதெல்லாம் செய்தால் டியூபுலரிலேயே சமைக்கலாமா?

மில்லிஓம்:
இன்வெர்ட்டர் பிளேட்டைப் பாருங்கள். 3000 விஏ என்று எழுதியிருந்தாலும் தொடர்ந்து தருவது 2400 வாட்தான் என்று பல மாடல்களில் இருக்கும், சூடானால் அதுவும் குறையும். 2400ஐ 0.88ஆலும் கட்-ஆஃப் 21ஆலும் வகுத்தால் 130 ஆம்ப். கால் பங்கு கூட்டினால் 162. ஆகவே 200 ஆம்ப் ஃபியூஸ், 70 சதுர மி.மீ. கேபிள். ஃபியூஸ் கேபிளைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, அதனால் அது இன்வெர்ட்டர் பக்கம் வேண்டாம், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வர வேண்டும்.

சமையல்? வயரிங் சரியானால் இன்வெர்ட்டருக்கு 22.5 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும், கட் ஆகாது. ஆனால் உங்கள் பேட்டரியே 25.2லிருந்து 22.9க்கு விழுகிறது, அதைக் கவனித்தீர்களா? 150 ஏஹெச் என்பது 20 மணி நேரத்துக்கு 7.5 ஆம்ப் இழுத்தால் வரும் கணக்கு (சில பேட்டரிகளுக்கு 10 மணி நேரக் கணக்கு). நீங்கள் இழுப்பது அதைப்போல் 13 மடங்கு. அந்த வேகத்தில் 150 கிடைக்கவே கிடைக்காது. கால் மணி நேரம் பால் காய்ச்ச, ஒரு குழம்பு வைக்க ஓடும். தினமும் மூன்று வேளை என்றால் லித்தியம் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்), 25.6 வோல்ட் 200 ஏஹெச், ஏறக்குறைய 5 யூனிட். அதன் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் உள் சர்க்யூட்) தொடர்ந்து 150 ஆம்ப்பாவது தர வேண்டும், 200 என்றால் நிம்மதி.

லித்தியத்துக்கு மாறினால் ஃபியூஸ் கிளாஸ் டி (Class T) வகை. ஷார்ட் ஆனால் சில ஆயிரம் ஆம்ப் பாயும். சாதாரண கார் ஆடியோ ஃபியூஸ் உருகினாலும் நடுவில் தீப்பொறி நிற்காமல் ஓடும். இன்வெர்ட்டரை முதல் முறை இணைக்கும்போது உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஒரே இழுப்பாக இழுக்கும், பிஎம்எஸ் ஷார்ட் என்று நினைத்து மூடிக்கொள்ளும். 25 முதல் 50 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் வழியாகச் சில விநாடி சார்ஜ் செய்துவிட்டு மெயின் ஸ்விட்சைப் போடுங்கள்.

அடுப்பைக் குறைத்து வைத்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். பல இண்டக்‌ஷன்கள் 1000 வாட்டுக்குக் கீழே பவரைக் குறைப்பதில்லை, அதற்குக் குறையாத வேகத்தில் ஆன்-ஆஃப் செய்கின்றன. பேட்டரிக்குப் பெரிய அடிதான், விட்டு விட்டு விழும்.

எர்த்பின்:
ஆர்சிசிபி பற்றி யாரும் பேசவில்லை. டெஸ்ட் பட்டன் ட்ரிப் ஆவதால் பாதுகாப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தப் பட்டன் ஒரு பக்க ஃபேஸிலிருந்து மறுபக்க நியூட்ரலுக்கு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். எர்த் ஒயரே இல்லாவிட்டாலும் ட்ரிப் ஆகும்.

ரோட்டில் ஓடும்போது இன்வெர்ட்டரின் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காவிட்டால், ஃபிரிட்ஜின் பாடியில் ஃபேஸ் பட்டாலும் கரண்ட் திரும்ப வழி இல்லை, ஆர்சிசிபி சும்மா இருக்கும். இன்னொரு சாதனத்தில் நியூட்ரல் பக்கமும் கசியும் நாளில்தான் தெரியும். அதனால் இன்வெர்ட்டர் ஓடும்போது நியூட்ரல்–எர்த் இணைப்பு ஆர்சிசிபிக்கு முன்னால் இருக்க வேண்டும், பஸ் பாடியும் அந்த எர்த்தோடு சேர வேண்டும். வெளி கரண்ட்டில் பிளக் போட்டதும் அந்த இணைப்பு விலக வேண்டும், இல்லையென்றால் வெளியே இருக்கும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டர்-சார்ஜர் வகைகள் சிலவற்றில் இதற்கு உள்ளேயே ரிலே உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா?

சக்கரவீடு:
மேனுவலில் அப்படி ஒன்றும் இல்லை. சாக்கெட்டில் ஃபேஸ்–எர்த் 115, நியூட்ரல்–எர்த் 115 காட்டுகிறது.

எர்த்பின்:
அப்படியென்றால் நீங்களாக நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடாதீர்கள். 115–115 இரண்டு காரணத்தால் வரும். ஒன்று, மிதக்கும் (எர்த்தோடு இணைக்காத) அவுட்புட், ஃபில்டர் கெப்பாசிட்டர் பாதியாகப் பிரித்துக் காட்டுகிறது; இதில் சேர்க்கலாம். மற்றொன்று, அவுட்புட்டே உள்ளே பாதியில் பாடியோடு கட்டப்பட்டது. இதில் சேர்த்தால் இன்வெர்ட்டர் அந்த நொடியே போய்விடும். எது என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சேர்க்கக் கூடாத வகை என்றால், எர்த் ரிலே உள்ள இன்வெர்ட்டர்-சார்ஜருக்கு மாறுவதே சரி. 5 கேவிஏவுக்கு ஒதுக்கிய பணம் அதற்குப் போகட்டும்.

வெளி கரண்ட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் வையுங்கள். எம்சிபியும் (ஓவர்லோடில் விழும் ஸ்விட்ச்) இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல்.

ஹைவே_பஸ்:
ஏசி பற்றிக் கேட்டிருந்தாரே. இன்வெர்ட்டர் ரக ஏசி என்றால் 1 டன் முழு வேகத்தில் சுமார் 1000 வாட், மெதுவாகக் கிளம்பும். பழைய ரகம் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், அது வேண்டாம். இண்டக்‌ஷனோடு சேர்த்தால் 2400ஐத் தாண்டும், சமையல் முடியும்வரை ஏசி ஆஃப். 5 யூனிட் பேட்டரியில் ராத்திரி முழுக்க ஓடும் என்று நம்ப வேண்டாம்.

எல்இடி லைட், வாட்டர் பம்புக்கு 12 வோல்ட் வேண்டுமென்று இரண்டில் ஒரு பேட்டரியில் மட்டும் ஒயர் எடுத்துவிடாதீர்கள். அது மட்டும் காலியாகும், சார்ஜ் ஆகும்போது மற்றது பொங்கும். 24–12 கன்வெர்ட்டர் வையுங்கள்.

மில்லிஓம்:
ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் எடுத்தால், லித்தியத்துக்கு நேர் ஒயர் வேண்டாம், 24–24 டிசி சார்ஜர் போடுங்கள். லித்தியம் கேட்கும் அளவு கரண்ட்டை ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கில் கொடுத்துக்கொண்டே இருந்தால் அதன் வைண்டிங் கருகும். வயரிங் முடிந்ததும் அதே நான்கு அளவையும் எடுத்துப் போடுங்கள். வண்டி கொஞ்ச நாள் ஓடிய பிறகு எல்லா டிசி போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள், பஸ் அதிர்வில் ஸ்பிரிங் வாஷரும் தளரும்.

சக்கரவீடு:
சேஸிஸ் போல்ட்டைக் கழற்றினேன். பச்சை பெயிண்ட் அப்படியே இருக்கிறது, மரையைச் சுற்றி மட்டும் கருகிய வளையம். 70 சதுர மி.மீ. ஆர்டர் போட்டாயிற்று. எர்த் விஷயமாகத் தயாரிப்பாளருக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன், பதில் வரும்வரை இன்வெர்ட்டர் ஆஃப்.