வெள்ளமும் மின்தடையும் சேர்ந்து வந்தால் கொழும்பின் குடிநீர் என்னாகும்?

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்):
கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து பெறப்படுகிறது. 2016 மே மாதத்தைப் போல ஆறு பெருகி, மின்சாரமும் தடைப்பட்டால், எதை முதலில் பாதுகாக்க வேண்டும் என்று துறைசார்ந்தோர் விளக்குவீர்களா?

பதில் (நீர் வழங்கல் பொறியியலாளர்):
மின் உபகரணங்களையே முதலில் சொல்வேன். நனைந்த பம்பியைப் பெரும்பாலும் திருத்திவிடலாம். மின்மாற்றியும் கட்டுப்பாட்டுப் பலகையும் மூழ்கினால், மாற்று உபகரணம் வந்துசேரும்வரை நிலையமே முடங்கும் என்பதால், அவற்றை வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்த்துவதும், மின்பிறப்பாக்கியை மாதந்தோறும் சுமையுடன் இயக்கிப் பார்ப்பதும் தள்ளிப்போடக் கூடாதவை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டை நினைத்தால், டீசல் இருப்பும் அதே அளவு முக்கியமாகும். லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீர் புவியீர்ப்பினால் இறங்கி வருவது நமக்குப் பெரும் பலம். அந்தக் குழாய்களைப் பழையவை என்று புறக்கணிப்பது தவறு.

பதில் (பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து):
கழிவுநீரை மறந்துவிடாதீர்கள். பம்பு நிலையம் நின்றால் மலக்கழிவு தாழ்வான தெருக்களில்தான் முதலில் பொங்கும். அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள். வறட்சியில் கடல்நீர் ஆற்றில் மேலேறுவதால், உவர்நீர்த் தடுப்பணையின் பராமரிப்பும் இதே திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எங்கள் மாடிக்குடியிருப்பின் நிலத்தடித் தொட்டிக்குள் வெள்ளநீர் புகுந்தால்?

பொறியியலாளர்:
முழுவதும் வெளியேற்றிக் கழுவி, குளோரின் இட்டுத் தொற்றுநீக்கிய பின்னரே நிரப்புங்கள். அதுவரை கொதிக்கவைத்தும் அந்நீரைக் குடிக்க வேண்டாம்.