பெரிய காகிதச் சுவரோவியம்: 20 பிள்ளைகளை வைத்து எப்படி வரைவது?

கேட்டவர்: நீலவாளி
6 முதல் 10 வயது வரை 20 பிள்ளைகள். 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு கடலடிக் காட்சி வரையணும். சார்ட் பேப்பர்களை ஒட்டிப் பார்த்தேன். போஸ்டர் கலர் பட்டதும் நெளிஞ்சுது, ஒட்டின இடம் பிளந்துபோச்சு. வேற என்ன காகிதம் எடுக்கலாம்? எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கலாமா?

பதில்: தூரிகைத்தண்டு
சார்ட் வேண்டாம். 120 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 120 கிராம் எடை) குறையாத பிரவுன் பேப்பர் ரோல் எடுங்க. 75 செ.மீ. அகல ரோல்னா இரண்டு நீளப் பட்டை போதும். ஒன்றின் மேல் ஒன்று 2 செ.மீ. ஏறி வர்ற மாதிரி வெள்ளைப் பசையால ஒட்டி, காய்ஞ்ச பிறகு பின்பக்கம் முழுநீளத்துக்கும் டேப். முன்பக்கம் டேப் போட்டா அதன் மேல கலர் பிடிக்காது.

நெளிவு ஏன் வருதுன்னா, ஈரம் பட்ட பக்கத்து நார் உப்பி விரியுது, மறுபக்கம் விரியலை. அதனால கலர்ல தண்ணி குறைச்சலா இருக்கணும். தூரிகையைத் தூக்கினா சொட்டக் கூடாது. பிரவுன் மேல மஞ்சளும் வெளிர்நீலமும் மங்கித் தெரியும். முதல்ல ரோலரால வெள்ளை எமல்ஷன் மெல்லிசா ஒரு பூச்சு, ஓர் இரவு காயட்டும். கடல் நீலத்தை மொத்தமா ஒரே வாளியில கலந்துடுங்க, ஒரு லிட்டராவது. பாதியில தீர்ந்தா அதே நிறம் திரும்பக் கிடைக்காது.

பதில்: மூலைமட்டம்
20 பேரும் சேர்ந்து உட்கார முடியாது. ஒரு பிள்ளைக்கு 65 செ.மீ. இடம் வேணும், தரையில விரிச்சா பக்கத்துக்கு 6 பேர், ஆக 12. சின்னப் பிள்ளைங்க கை 50 செ.மீ. தாண்டி எட்டாது. நடுவுல எட்டாத பகுதிக்காக ஈரத்துல முட்டி போட்டுடுவாங்க. நடுப்பகுதியைப் பெரியவங்க முன்னாடியே பூசிடுங்க.

மீதி 8 பேருக்கு மீன், பவளம், ஆமை எல்லாம் தனித்தாளில். காய்ஞ்சதும் வெட்டி ஒட்டிக்கலாம். என்னைக் கேட்டா உருவங்கள் எல்லாமே இப்படித்தான் செய்யணும். ஒரு மீன் கெட்டா அந்த மீன் மட்டும்தான் போகும். தவிர, அளவு சரியா வரும்; நேரா பெரிய தாளில வரையச் சொன்னா பெரும்பாலும் உள்ளங்கை அளவுலதான் வரைவாங்க, தூரத்துல ஒண்ணும் தெரியாது. குறைந்தது ஏ3 தாள் கொடுத்து, நாலு ஓரத்தையும் தொடணும்னு சொல்லுங்க.

பதில்: தூரிகைத்தண்டு
வெட்டி ஒட்டறது சரி. ஆனா பாறை, பாசி மாதிரி பெரிய வடிவங்களுக்குக் கட்டம்தான் நல்லது. 40 × 15 செ.மீ. மாதிரிப் படத்துல 2.5 செ.மீ. கட்டம், பெரிய தாளில 25 செ.மீ. கட்டம் போட்டு, ஒவ்வொரு சின்னக் கட்டத்துல இருக்கறதையும் அதே இடத்துப் பெரிய கட்டத்துல பார்த்து வரையணும். கோடு கலர் சாக்பீஸ்ல போடுங்க, துடைச்சா போயிடும். பென்சில் கோடு வெளிர்நிறத்துக்குள்ள தெரியும்.

கேட்டவர்: நீலவாளி
மாட்டறது எப்படி? வேற இடத்துக்குக் கொண்டுபோகவும் வேணும்.

பதில்: மூலைமட்டம்
இருபக்க டேப் மட்டும் நம்பாதீங்க, பாரத்துல மெதுவா உரிஞ்சு வரும். மேல் ஓரத்தை 5 செ.மீ. பின்னால மடிச்சு, உள்ளே மெல்லிய மரச்சட்டம் வச்சு ஒட்டி, சட்டத்துல கயிறு கட்டுங்க. கீழேயும் ஒரு சட்டம் வச்சா சுருண்டு எழாது. அதுக்காக மேலும் கீழும் 5 செ.மீ. காலியா விட்டு வரையுங்க. எடுத்துப்போகும்போது வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி, அகலமான அட்டைக் குழாய்ல தளர்வா சுருட்டுங்க. உள்பக்கமா சுருட்டினா கலர் நசுங்கி உதிரும். அக்ரிலிக்னா இடையில மெழுகுத்தாள் வைங்க, இல்லேன்னா ஒட்டிக்கும்.